புயல் பாடம் பாதியில் நின்ற கதை

அன்பும் மதிப்பும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இப்போது நலம்தான். நடுவில் நடந்ததை யாரோ சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்வது முறை. உங்கள் அப்பா பிழைத்துக்கொண்டார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நிதானமாகப் படியுங்கள்.

நாடக ஆசிரியர் பயிற்சியில் உங்கள் தங்கையைச் சேர்த்துவிட்டது நீங்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தீர்கள், குறை சொல்லவில்லை. ஆனால் தொற்று வந்து பள்ளிக்கூடங்களைப் பூட்டியபிறகு, பிள்ளைகள் முன்னால் பாடம் நடத்திக் காட்டு என்றால் அவள் பிள்ளைகளுக்கு எங்கே போவாள்? கட்டாந்தரையில் நீச்சல் சொல்லிக்கொடுத்த கதைதான். வீட்டில் இருப்பவர்களையே மாணவர்களாக வைத்து நடத்துங்கள், தேர்வாளர் கைபேசியில் பார்ப்பார் என்று கல்லூரி கைகழுவிவிட்டது. இந்த வருடம் தவறினால் பள்ளி வேலைக்கான வயது தாண்டிவிடும். அவளுக்குத் தூக்கம் போயிற்று, அதனால் எங்கள் எல்லோருக்கும் போயிற்று.

நானோ லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். கட்டிடங்களில் மேலே போகவும் ஆளில்லை, கீழே வரவும் ஆளில்லை. ஆகவே சும்மா கிடந்தவனை மூன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டாள். என் வகுப்புத் தோழர்கள் எங்கள் மகள் பட்டாசும் உங்கள் அப்பாவும். பாடம், புயலில் மாட்டிக்கொண்ட படகு. வாய் பேசக்கூடாது, உடம்பால்தான் சொல்ல வேண்டும். "என்னங்க, துடுப்பு போடச் சொன்னா திருகாணி முறுக்குறீங்களே" என்று உங்கள் தங்கை அழாத குறை. மாமா மட்டும் முதல் நாளே முதல் மாணவர். எனக்குப் பொறாமைகூட வந்தது.

தேர்வு நாளும் வந்தது. இஸ்திரி மேசையில் என் கருவிப் பெட்டியை ஏற்றி, அதன்மேல் கைபேசியைச் சாய்த்து வைத்தோம். தேர்வாளர் அம்மா தெரிந்தார். அது சிரிக்காத முகமா, நெட் நின்றுபோய் உறைந்த முகமா என்று கடைசிவரை எனக்குப் புரியவில்லை. புயல் தொடங்கியது. பட்டாசு குதித்த குதியில் கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் தடியால் கூரையை இடித்தார். "இடிச் சத்தம் நல்லா வருது" என்று அந்த அம்மா குறித்துக்கொண்டார். பரவாயில்லை, தேறிவிடுவாள் என்று நினைத்தேன். அப்போதுதான் மாமா தரையில் உட்கார்ந்தார். நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டார். நெஞ்சு துருத்தி மாதிரி ஏறி இறங்கியது.

"பெரியவர் ரொம்ப இயல்பா செய்யறார். தொடருங்க" என்றது கைபேசி.

உங்கள் தங்கை தொடரவில்லை. "நான் உட்காரச் சொல்லிக்கொடுக்கலையே" என்றாள்.

நான் பாவி, "நிறுத்தாதே, மார்க் போயிடும்" என்று கிசுகிசுத்தேன்.

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அப்பா, என்னைப் பாருங்க. இது நடிப்பா?"

ஆமாம் என்று மாமா தலையாட்டினார். அவள் அவர் கழுத்தில் கையை வைத்தாள், சுட்டதுபோல் உடனே எடுத்தாள். "மேடம், வகுப்பு முடிஞ்சுது" என்று சொல்லிக் கைபேசியைக் கவிழ்த்தாள்.

ஆம்புலன்சுக்கு அடித்தால் மணி போகிறதே தவிர எடுப்பார் இல்லை. மாமாவின் உதடு நிறம் மாறிக்கொண்டே வருகிறது. பட்டாசு சத்தமே இல்லாமல் மூலையில் நிற்கிறாள். செய்தித்தாளைச் சோப்பு போட்டுக் கழுவுகிற மனிதர் எங்கள் வீட்டுக்காரர், அவரிடம் என்ன கேட்பது என்று மாடிப்படியில் நான் தயங்கி நின்றால், அவரே மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக முகக்கவசம் போட்டுக்கொண்டு எதிரே வருகிறார். "என் கார்ல ஏத்துங்க" என்றார். "சார், அந்த நோயா இருந்தா?" என்றேன். "இருந்தா? பாத்துட்டே நிக்க முடியுமா? கண்ணாடியெல்லாம் இறக்கிவிடுங்க, போலாம்."

கொஞ்சம் தாமதித்திருந்தாலும் கை மீறியிருக்கும் என்றார் மருத்துவர். மாமா ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து என்ன சொன்னார் தெரியுமா? "ரெண்டு நாளா காய்ச்சல்தான். பரீட்சை முடியட்டும்னு பாத்தேன்." அப்பனும் மகளும் இப்படி இருந்தால் நடுவில் நான் என்ன செய்வேன், நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் மூவருக்கும் நோய் இல்லை என்று வந்துவிட்டது. உங்கள் தங்கை பாடப் புத்தகங்களைக் கட்டிலடியில் தள்ளிவிட்டாள், படிப்பைப் பற்றி வாயே திறப்பதில்லை. மனசு விட்டுவிட்டது என்றுதான் நினைக்கிறேன். அதுவே நல்லது. இன்னொரு தேர்வை இந்த வீடு தாங்காது. ஆகவே நாடகம் போதும், வீட்டோடு தையல் கற்றுக்கொள் என்று அண்ணன் என்கிற முறையில் கண்டிப்பாக நாலு வரி எழுதுங்கள். நீங்கள் சொன்னால் தட்டமாட்டாள்.

மாமா இந்த வாரம் வீடு திரும்புகிறார். உங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் ஆசியையும் சேர்த்துவிடுங்கள். எல்லோரும் நோய் நொடியின்றி நீடு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பை என்றும் நாடும் மைத்துனன்

பின்குறிப்பு: அண்ணா, இதை எழுதுவது நான், உன் தங்கை. தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தார், படித்துவிட்டேன். நீ நாலு வரி எழுத வேண்டாம். கல்லூரியில் மறுதேர்வு கொடுத்தார்கள். நேற்று முடித்துவிட்டேன். அப்பாவுக்கு மாற்றுத் துணி கொடுக்கப் போனதாக இவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு வெளியே தகரக் கொட்டகையில் நோயாளிகளின் வீட்டார் காத்துக் கிடப்பார்கள். கதவு திறந்தால் எல்லாரும் ஒன்றாக எழுந்து நிற்பார்கள். அவர்களிடம்தான் போய், "கொஞ்ச நேரம் எனக்கு மாணவங்களா இருப்பீங்களா?" என்று கேட்டேன். ஒரு லாரி ஓட்டுநர் எழுந்தார், அவர் மனைவி உள்ளே இருந்தார். "சும்மா உக்காந்தா பைத்தியம் பிடிக்குதும்மா. என்ன செய்யணும், சொல்லுங்க" என்றார். மற்றவர்களும் வந்தார்கள். தள்ளித் தள்ளி நிற்கவைத்து, இல்லாத ஒரு குழந்தையைத் தூக்கம் கலையாமல் கைமாற்றச் சொன்னேன். எட்டாத கைகள் எட்டுவது மாதிரி நீண்டன. கடைசியாக லாரிக்காரர் கைக்கு வந்தது. வகுப்பு முடிந்தது, நான் தேறிவிட்டேன் என்று கைபேசியில் பார்த்த தேர்வாளர் அம்மாவும் சொல்லிவிட்டார், லாரிக்காரர் மட்டும் கையை இறக்கவே இல்லை. இன்று காலை அவர் மனைவியைச் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். பள்ளி திறந்ததும் நான் வேலைக்குப் போகிறேன், அண்ணா. இவரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ முந்திவிடாதே.