மூன்றாவது மாடியில் ஓதம்

ஸ்ரீரங்கம்,
வியாழக்கிழமை.

அன்பு மகள் லின்சிக்கு, அப்பா அற்புதசாமி ஆசியுடன் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் நலம். முத்துப்பேட்டையில் உன் நலம் அறிய ஆவல். செடிகளின் நலத்தை மட்டும் கேட்காதே. போனில் சொன்னால் குரல் உடைந்துவிடும் என்றுதான் கடிதம்.

அங்கே அலையாத்திக் காட்டு உப்பங்கழியில் நடுவதற்காக நீ போட்ட விதையில் முளைத்தது ஆறே கழிமுள்ளிக் கன்று. அதையும் அப்பாவை நம்பி விட்டுப் போனாய். பஸ் ஏறும்போது, "கடல்தண்ணி ஓதத்துல ஏறி இறங்குற இடத்துல வளர்றதுப்பா இது" என்றாய். நீ எழுதிக் கொடுத்த சீட்டைத் தொலைத்த எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் மிச்சம். கைலாசபுரம் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் ஷிப்ட் பார்த்தவனுக்கு ஓதம் பார்ப்பது பெரிய காரியமா என்று, பால்கனியில் அம்மா துணி ஊறவைக்கும் தொட்டியில் கன்றுகளை இறக்கி, கல்லுப்பு கரைத்த தண்ணீரை ஏற்றி, ஆறு மணி நேரம் கழித்து இறக்கி, மறுபடி ஏற்றி வருகிறேன். உப்பு சரியா என்று அம்மாதான் ரசத்துக்குப் பார்ப்பதுபோல் நாக்கில் வைத்துச் சொல்கிறாள். ஆனால் கடல் தினமும் ஐம்பது நிமிடம் தாமதமாக வருகிறதாம். எங்கள் தொழிற்சாலையாக இருந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். நானும் அதன்படியே தள்ளிக்கொண்டு போக, ஞாயிறு ஓதம் பூசை நேரத்தில் வந்து விழுந்தது; பிரசங்கத்தின் நடுவே எழுந்து ஓடினேன். சாமியார் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஓடிவந்த அவசரத்தில் தொட்டியின் அடைப்பைப் பிடுங்க, ஓதம் கீழ்வீட்டு பீமராவ் காயவைத்திருந்த கூழ்வற்றல்மேல் இறங்கிவிட்டது. மனிதர் மேலே வந்து, "உப்பு நாங்களே போட்டுட்டோம் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். திங்கள் முதல் இலையெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. துடைத்தால் மறுநாள் மறுபடி வருகிறது. பூச்சிமருந்துக் கடைக்காரர் இப்படி ஒரு நோயைப் பார்த்ததே இல்லை என்கிறார். எனக்குச் சோறு இறங்கவில்லை. கழியெல்லாம் பூக்கும் என்று அங்கே எத்தனை பேரிடம் சொல்லி வைத்திருக்கிறாய். ஆறையும் நான் கொன்றுவிட்டேன் மகளே. பயமாக இருக்கிறது. திட்டுவதை அம்மாவிடம் திட்டு, அவள் எனக்குச் சொல்லிவிடுவாள்.

மாதா உன்னை வெயிலிலும் சேற்றிலும் காக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் பீமராவ் பொரித்த வற்றலோடு வந்தார். இலையைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுவும் உப்புதான் சார். நீங்க ஊத்துறத அது வெளிய தள்ளுது" என்றார். அம்மாவின் செபப் புத்தகத்திலிருந்து உன் சீட்டும் கிடைத்துவிட்டது: 'நடுற வரைக்கும் தினம் ஒரு சொம்பு நல்ல தண்ணி போதும்ப்பா. வேற எதுவும் செய்யாதீங்க.' ஆறிலும் புதுத் துளிர் இருக்கிறது. ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. இன்றைய ஓதம் நாலு நாற்பதுக்கு. நீ வந்து கொண்டுபோகும்வரை நிறுத்துவதாக இல்லை. கன்றுகளுக்குப் பழகிவிட்டது. எனக்கும்.