தகப்பன் கட்டத்தில் தாயின் எண்

தாய்க்கும் தகப்பனுக்கும் ஒரே எண்ணை எழுதிக் கோப்பு அனுப்பி, அதில் பிழையே இல்லை என்று சாதித்த ஆள் திருவனந்தபுரத்தில் ஒருவர்தான் இருந்தார். அந்தக் கோப்பை நான்கு முறை திருப்பி அனுப்பியவன் நான்.

மீன் ஆய்வு நிலையம் ஒன்றில் நான் நிர்வாக அதிகாரி. அவர் தொட்டிகளைப் பார்த்துக்கொண்ட ஊழியர், நாகர்கோவில்காரர். அவர் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும். மற்றவர்களுக்கு அவர் தொட்டி அண்ணாச்சி.

அவர் வளர்த்தது, வெளிநாட்டு அலையாத்திக் காட்டிலிருந்து வந்த விரல் நீள மீன். அதற்குத் துணை வேண்டாம். ஒரே உடம்பில் முட்டையும் உண்டு, விந்தும் உண்டு. தானே கருவுற்று, தன்னையே அச்சடித்ததுபோல் குஞ்சு பொரிக்கும். எங்கள் பதிவேட்டிலோ தாய்க்கு ஒரு கட்டம், தகப்பனுக்கு ஒரு கட்டம்.

"ரெண்டு கட்டத்துலயும் ஒரே நம்பர் வரக்கூடாது" என்றேன்.

"மீனுட்ட சொல்லிப் பாருங்க சாரே. நான் சொன்னா கேக்க மாட்டேங்கு."

தகப்பன் கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினார். முழுமையற்றது என்று திருப்பினேன். 'தெரியவில்லை' என்று எழுதினார். விசாரித்து அறிக்கை தருக என்று குறிப்பெழுதினேன். மறுபடி பழைய எண்ணே வந்தது.

கல்யாணமாகாத அவரைத் தபால் பிரிவு குமாஸ்தா சீண்டினான். "அண்ணாச்சி கல்யாணம் கழிக்காத காரணம் இப்பத்தான் மனசிலாச்சு. மீன்ட்ட படிச்சிருக்காரு!"

"லே, உனக்க வீட்டுல ரெண்டு பேரு சேந்து பெத்தும் நீ இப்பிடித்தானல்லா வந்திருக்க?"

விழிஞ்ஞத்திலிருந்து கேனில் கடல்நீர் கொண்டுவந்து, கண்டக்டரிடம் சண்டை போட்டு, கேனுக்கு டிக்கெட் எடுக்காமலே இறங்குவார். ஒருநாள் எங்கள் கணினி அறையில், ஏசிக்கு நேர் கீழே, மூடிய கிண்ணம் ஒன்றைக் கண்டேன்.

"என்ன இது?"

"முட்டை சாரே. குளிரு கொண்டாத்தான் ஆணு பொறக்கும்."

"யாரிடம் அனுமதி வாங்கினீர்?"

"ஏசி சர்க்காருக்குள்ளது, மீனும் சர்க்காருக்குள்ளது. இடையில யாருட்ட கேக்கணும்?"

மாதங்கள் கழித்து, அந்த முட்டைகளில் பிறந்த ஒரு மீன் ஆரஞ்சு நிறமாக மாறியது. ஆண். அதை வேறு தொட்டி மீனோடு சேர்த்தால், பிறக்கும் குஞ்சில் இரண்டு குடும்பமும் கலக்கும் என்றார். அதை ஒரு தொட்டியின் இருப்பு எண்ணிலிருந்து இன்னொரு தொட்டியின் எண்ணுக்கு மாற்ற அனுமதி கேட்டு விண்ணப்பமும் கொடுத்தார். அதற்குள் ஆண்டிறுதிச் சரிபார்ப்பு வந்துவிட்டது.

இருபது தொட்டி, ஒரே இன மீன். மிகை இருப்பு என்று நான் எழுதினேன். ஒரு தொட்டியை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழிக்கலாம் என்றும் பரிந்துரைத்தேன். இயக்குநர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். நான் எழுதியதை யாரும் படிப்பதில்லை. அவ்வளவு சரியாக எழுதுவேன்.

அண்ணாச்சி ஓடிவந்தார். "தொட்டிக்குள்ளதான் எல்லாம் ஒண்ணு சாரே. இந்தத் தொட்டி வேற, அந்தத் தொட்டி வேற. நோவு வந்தா ஒரு குடும்பம் போவும், இன்னொண்ணு நிக்கும். ஒரு பத்து நாளு தாங்க. ஆணு இப்பந்தான் நெறம் மாறியிருக்கு."

"அவகாசம் தர விதியில் இடமில்லை" என்றேன். உண்மையிலேயே இல்லை.

பொறுப்பாளரே அழிக்க வேண்டும் என்பதும் விதி. பத்தொன்பது தொட்டிகளையும் அவரே காலி செய்தார். ஆரஞ்சு மீனும் அதில் போயிற்று. பதிவேட்டில் ஓர் அடித்தல் திருத்தல் இல்லை.

மழைக்காலத்தில் மிஞ்சிய தொட்டியில் ஏதோ நோய் புகுந்தது. எல்லாம் ஒரே அச்சு; ஒரு மீன் தாங்காததை எந்த மீனும் தாங்கவில்லை. ஒரே வாரத்தில் எல்லாம் மிதந்தன. அண்ணாச்சி கையெழுத்துக்கு இறப்புப் பதிவேட்டைக் கொண்டுவந்தார். "ஒப்பு போடுங்க சாரே" என்றார். என்னைத் திட்டியிருக்கலாம்.

அதன் பிறகும் சரியாக ஒன்பதுக்கு வந்தார். காய்ந்த தொட்டிகளைத் தேய்த்துக் கழுவினார். பிறகு அவற்றின் நடுவே ஸ்டூலைப் போட்டு மாலைவரை உட்கார்ந்திருந்தார். வேலையில்லாத பணியிடத்தை ஒப்படைத்து, ஆளை வேறிடம் அனுப்ப வேண்டும் என்பது விதி; அதற்கான கோப்பு என்னிடம் வந்தது. அனுப்பினால் விதுராவுக்கும் அப்பால், மலையடிவாரக் கிளைக்குத்தான். அவருக்கோ இரண்டு முழங்காலும் போயிருந்தன.

"அண்ணாச்சியுடெ ஃபயல் எந்தாயி?" என்று, அந்தக் கோப்பு என்னவாயிற்று என இயக்குநர் மாதம் ஒருமுறை விசாரிப்பார்.

"பரிசீலனையில் இருக்கிறது சார்."

வந்த கோப்பை அன்றே அனுப்பிவிடுபவன் என்று பெயரெடுத்தவன் நான். அந்த ஒரு கோப்பு, அண்ணாச்சி ஓய்வுபெறும்வரை பதினேழு மாதம், என் மேசை டிராயரில் பூட்டியே கிடந்தது.