நூறாவது பாட்டும் மூன்று கப்ளர்களும்

"இன்னும் கொஞ்சம் அமுக்குங்க சார், போயிடும்," என்றான் சந்தீப்.

பத்மநாபன் அமுக்கினார். டாஷ்போர்டுக்குள் 'டக்'கென்று சத்தம் கேட்டது. போகவில்லை. உடைந்துவிட்டது.

"என்னப்பா சந்தீப், கொக்கியே போச்சே!"

"அடடா. நான் வாங்கிட்டு வந்த கப்ளர் மாறிடுச்சு போல சார்," என்றான் சந்தீப் வருத்தமாக.

பத்மநாபனின் காரில் இருந்த பழைய ஸ்டீரியோ போன வாரம்தான் உயிரை விட்டிருந்தது. மறுநாளே ஆன்லைனில் புதியது வாங்கிவிட்டார். ஆனால் காரிலிருந்து வரும் பிளக் ஒரு வடிவம், புது ஸ்டீரியோவின் வாய் வேறு வடிவம். இரண்டையும் சேர்த்துவைக்க நடுவில் ஒரு கப்ளர் வேண்டும். வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றிவிடலாம்தான். ஆனால் கார் வயரில் கத்தரிக்கோல் படுவதைப் பத்மநாபனால் கற்பனைகூடச் செய்ய முடியாது.

சாதாரண ஆளாக இருந்தால் போன் பாட்டைக் கேட்டுக்கொண்டு போயிருப்பார். பத்மநாபன் சாதாரண ஆள் இல்லை. கொல்கத்தா துறைமுக அலுவலகத்தில் கணக்குப் பிரிவு என்பது அவர் வயிற்றுக்குச் செய்கிற வேலை. உண்மையில் அவர் பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடகர், மூன்றும் ஒரே உடம்பில். இதுவரை தொண்ணூற்றொன்பது பாட்டு. எல்லாமே ஜாதவ்பூர் வீட்டுக் குளியலறையில் போனில் பதிவானவை. எக்ஸாஸ்ட் ஃபேன்தான் சுருதி.

வீட்டில் அவர் வாயைத் திறந்தால் மனைவி ஷியாமளா மிக்ஸியைப் போடுவாள். அரைக்க எதுவும் இல்லாவிட்டாலும் போடுவாள். ஆகவே அவருடைய ரசிகர் மன்றம் முழுவதும் காருக்குள்தான் இருந்தது. முன் சீட்டில் சந்தீப். பின் சீட்டில், பாலிகஞ்ச் ஃபாடி முனையில் ஏறிக்கொள்ளும் மேக்னா. இருவரும் அதே அலுவலகம். இரண்டு வருஷமாகத் தினமும் அவரோடுதான் போகவர. பாட்டு ஆரம்பித்ததும் இருவரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். ரசிப்பவர்கள் அப்படித்தான் மூடுவார்கள் என்பது பத்மநாபனுக்குத் தெரியும்.

இப்போது நூறாவது பாட்டு தயார். ஹௌரா பாலத்தைப் பற்றியது. பதினேழு நிமிடம், நடுவில் வசனம் உண்டு. 'ஆணியில்லாப் பாலமே, ஆடிவரும் தாளமே' என்று தொடங்கும். தொண்ணூற்றொன்பதையும் கேட்ட இருவர்தான் நூறாவதை முதலில், அதுவும் போனில் அல்லாமல் கார் ஸ்பீக்கரில், கேட்க வேண்டும் என்று அவர் மனதில் முடிவு கட்டிவிட்டார். சிக்கல் என்னவென்றால் சந்தீப்புக்குப் பாரதீப் துறைமுகத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமைதான் அவன் இந்தக் காரில் கடைசியாக ஏறுகிற நாள்.

"அதுக்குள்ள நீ கேட்டுடணும்ப்பா. கேக்காம நீ பாரதீப் போனா எனக்கு மனசே ஆறாது," என்றார். அவர் சொன்னது உண்மை.

"எனக்கும்தான் சார்," என்றான் சந்தீப்.

சந்தீப்புக்கு முன்பே அனுப்பியிருந்த கார் பிளக் படத்தை அன்றிரவே பத்மநாபன் வாட்ஸ்அப்பில், மனைவி உட்பட எல்லோருக்கும் அனுப்பினார். 'இதற்குச் சரியான கப்ளர் கிடைத்தால் சொல்லவும். அவசரம்.'

மறுநாளே மேக்னா கையில் ஒரு கவரோடு ஏறினாள். கரக்பூர் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். தமிழைவிட வங்காளம் நன்றாக வரும்.

"சார், சிந்தா கோர்பேன் நா. கவலைய விடுங்க. நானே போய் வாங்கிட்டு வந்துட்டேன்."

"எனக்காகவா போனே?"

"உங்களுக்காக இல்லைன்னா யாருக்காக சார்?"

பத்மநாபனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஓரமாக நிறுத்தி மாட்டிப் பார்த்தார். கப்ளர் உட்கார்ந்தது. ஆனால் ஸ்டீரியோ எரியவில்லை. எதையெதையோ தட்டிப் பார்த்ததில், ஹெட்லைட்டைப் போட்டால் மட்டும் ஸ்டீரியோ உயிர்பெற்றது.

"அதனால என்ன, லைட்டப் போட்டுட்டே போவோம்!" என்று கிளம்பினார்.

காலை ஒன்பதரை மணி வெயில். எதிரே வந்த டாக்ஸிக்காரர்கள் எல்லாம் கையை ஆட்டி, கண்ணைச் சிமிட்டி லைட் எரிவதைச் சொன்னார்கள். பத்மநாபன் பதிலுக்கு வணக்கம் வைத்தார். பென் டிரைவைச் செருகினார். ஸ்பீக்கரில் அவர் குரலே வந்தது: "வணக்கம். இது என் நூறாவது..."

அதற்குள் வெள்ளைச் சட்டை டிராஃபிக் சார்ஜென்ட் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"பகல்ல எதுக்கு லைட்?"

"பாட்டு கேக்க, சார்," என்றார் பத்மநாபன்.

சார்ஜென்ட் அவரை வாயால் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு அனுப்பினார். அதன்பிறகு அலுவலகம் வரை லைட்டும் இல்லை, பாட்டும் இல்லை. பார்க்கிங்கில் இருவரும் இறங்கிய பிறகு, பாட்டு ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க லைட்டைப் போட்டுப் பதினேழு நிமிடமும் தனியாகக் கேட்டார். முடிந்ததும் தாமாகவே கைதட்டினார். அந்தச் சந்தோஷத்தில் லைட்டை அணைக்க மறந்துவிட்டார்.

மாலையில் பேட்டரி செத்துக் கிடந்தது. சந்தீப்பும் மேக்னாவும்தான் ஸ்ட்ராண்ட் ரோட்டில் வண்டியைத் தள்ளினார்கள். முகம் சுளிக்காமல் தள்ளினார்கள்.

"அந்த கப்ளரை உடனே பிடுங்கிப் போட்டுடுங்க சார். வண்டியே எரிஞ்சுடும்," என்றாள் மேக்னா மூச்சுவாங்க. அவளுடைய அக்கறையை நினைத்து அங்கேயே பிடுங்கிவிட்டார்.

வியாழக்கிழமை நடந்ததுதான் அதிசயம். சாப்பிட உட்கார்ந்தவர் முன்னால் ஷியாமளா ஒரு கவரை வைத்தாள்.

"என்னது இது?"

"கப்ளர். நீங்க முகத்தத் தொங்கப்போட்டுட்டே இருந்தா எனக்கு நல்லாவா இருக்கு? நானே போய்க் கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் சங்கீதத்துக்காக ஷியாமளா ஒரு துரும்பைக்கூட நகர்த்தியதில்லை. பத்மநாபன் சாதத்தைப் பிசைவதை விட்டுவிட்டு அவளையே பார்த்தார். "உனக்குள்ள இப்படி ஒரு மனசா!" என்றார்.

"சாப்பிடுங்க, ஆறுது," என்றாள் ஷியாமளா.

சாப்பிட்ட கையோடு போய் மாட்டினார். சாவியைத் திருப்பினார். ஒரு கருகல் நாற்றம் வந்தது. அவ்வளவுதான். ஸ்டீரியோவுக்குப் போகும் ஃபியூஸ் போய்விட்டது. போனது தனியாகப் போகவில்லை. ஹாரனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

லைசென்ஸ் இல்லாமல்கூடக் கொல்கத்தாவில் கார் ஓட்டிவிடலாம். ஹாரன் இல்லாமல் முடியாது. வெள்ளிக்கிழமை காலை பாலிகஞ்ச் ஃபாடி தாண்டியதும் காரைச் சுற்றி ஆட்டோ, பஸ், ஆட்கள், ஒரு கட்டில் ஏற்றிய சைக்கிள் வண்டி. யாரும் நகரவில்லை. கடைசியில் சந்தீப் இந்தப் பக்க ஜன்னலிலும் மேக்னா அந்தப் பக்க ஜன்னலிலும் தலையை நீட்டி, "ஷோரே ஜான்! ஷோரே ஜான்! ஒதுங்குங்க!" என்று அலுவலகம் வரை கத்திக்கொண்டே வந்தார்கள். இறங்கும்போது இருவருக்கும் தொண்டை கட்டியிருந்தது. ஆனாலும் முகத்தில் ஒரு மலர்ச்சி.

"உங்களுக்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போறேன்!" என்றார் பத்மநாபன்.

"ஒண்ணும் வேணாம் சார்," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

சனிக்கிழமை காலை மூன்று கப்ளரையும் குப்பையில் போடலாம் என்று எடுத்தபோதுதான் கவனித்தார். மூன்று கவரிலும் ஒரே கடைப் பெயர். மித்ரா ஆட்டோ சவுண்ட், சாந்தினி மார்க்கெட்.

பத்மநாபனுக்கு ரத்தம் கொதித்தது. அப்பாவிகள் மூன்று பேர் ஆசையாகப் போய்க் கேட்டிருக்கிறார்கள். ஒரே கடைக்காரன் மூன்று பேர் தலையிலும் மிளகாய் அரைத்திருக்கிறான்! சந்தீப்பின் கடைசிப் பயணத்துக்கு நடுவில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பாக்கி. ரவீந்திர சரோபரில் மெட்ரோ ஏறினார். சாந்தினி வரும் வரை வங்காளத்தில் திட்டுகளை மனப்பாடம் செய்துகொண்டே போனார்.

கடையில் மித்ரா நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பொட்டலத்திலிருந்து பொரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பத்மநாபன் மூன்று கப்ளரையும் மேஜைமேல் கொட்டினார். போனில் பிளக்கின் படத்தை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இந்த வண்டிக்குச் சரியான கப்ளர் எது? அதைச் சொல்லுங்க முதல்ல!"

மித்ரா படத்தைப் பார்த்தார். எழுந்திருக்கக்கூட இல்லை. கையைப் பின்னால் நீட்டி ஒரு டப்பாவிலிருந்து கப்ளர் ஒன்றை எடுத்து வைத்தார்.

"இது. போட்டதும் பாடும்."

பத்மநாபன் திகைத்துப்போனார். "இவ்வளவு சுலபமா எடுத்துத் தரீங்க! அப்போ என் ஆளுங்க மூணு பேருக்கும் ஏன் தப்பு தப்பாக் கொடுத்தீங்க? அவங்க எனக்காக எவ்வளவு பாடுபட்டாங்க தெரியுமா? இதுவா யாவாரம்?"

மித்ரா வாயிலிருந்த பொரியை நிதானமாக மென்று விழுங்கினார்.

"நான் ஏன் தப்பாக் கொடுக்கறேன்? அந்தப் பையன், அந்தப் பொண்ணு, அப்புறம் புடவை கட்டின ஒரு அம்மா, மூணு பேரும் தனித்தனியா வந்து இதே படத்தைக் காட்டி, இந்த வண்டிக்குச் சேரவே சேராத கப்ளர் எதுன்னு கேட்டுத்தான் வாங்கிட்டுப் போனாங்க. எது சேரும்னு கேட்டு வந்த முதல் ஆள் நீங்கதான், தாதா."