எல்லாம் தின்னி

“சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் மங்கோலியத் தொண்டைப் பாட்டு போடு,” என்று சமையலறையில் இருந்த பாட்டுப் பெட்டியிடம் சொல்லிவிட்டு ஹோக்கான் ஷூவைத் தேடினான்.

பெட்டி கடமை தவறாதது. உடனே உறும ஆரம்பித்தது.

எதிரே அவன் மனைவி குன்னெல் அறுவைச் சிகிச்சை முடிந்த முழங்காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி வைத்திருந்தாள். ஆறு வாரம் மருத்துவ விடுப்பு.

“பாவம், யாராவது அந்த ஆளுக்குத் தண்ணி குடுங்களேன்,” என்றாள்.

“அது கலை, குன்னெல்.”

“கலைக்குத் தொண்டை கட்டியிருக்கு. நீ வேலைக்குப் போயிடுவ, இதோட குடித்தனம் பண்றது நான்தானே?”

“நவம்பர் பாதி வரைக்கும் பொறுத்துக்க. அணைச்சு மட்டும் வைக்காத. கணக்கு விட்டுப்போயிடும்.”

விஷயம் இதுதான். நோர்ஷெப்பிங் நகர நூலகத்தில் பதினோரு வருஷமாக ஹோக்கானுக்கு நிலவறையில்தான் வேலை. திரும்பி வந்த புத்தகங்களை அடுக்க வேண்டும். மேலே சனிக்கிழமைதோறும் இசை நேரம் ஒன்று ஆரம்பிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவனுக்குத் தூக்கம் இல்லை. நாற்பது பேர் உட்கார்ந்திருக்க, தான் ஒரு பாட்டைப் போட்டு அதைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டும். வாழ்க்கையில் வேறெதையும் அவன் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை, குன்னெலைத் தவிர. அவளும் கிடைத்து இருபது வருஷம் ஆகிவிட்டது.

புதிதாக வந்த தலைவி ஈல்வா, காபி இடைவேளையில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

“இந்த நாட்டுல யாரைக் கேட்டாலும் ‘இசையில நான் எல்லாம் தின்னி, எந்த வகையும் கேப்பேன்’ங்கறாங்க. இசை நேரத்தை நடத்த ஆள் எடுக்கணும்னா, வாயால சொன்னா போதாது, தட்டைப் பார்க்கணும். எந்தப் பாட்டை எத்தனை தடவை கேட்டீங்கன்னு பாட்டுச் செயலி வருஷக் கடைசில ஒரு அறிக்கை குடுக்குமே, அதை அனுப்புங்க. நூலக அட்டை வச்சிருக்கிற யார் வேணும்னாலும் அனுப்பலாம்.”

ஹோக்கான் கடிக்கப் போன லவங்கப்பட்டை பன்னைத் தட்டிலேயே திரும்ப வைத்தான். அவனும் எல்லாம் தின்னிதான். பொய் இல்லை. மாலி நாட்டு நரம்பு வாத்தியம், போலந்து ஆர்கன் எல்லாம் அவனுக்குத் தெரியும், கேட்டுமிருக்கிறான், தலா ஒரு தடவை. மற்ற நேரமெல்லாம் டிராமில் போகும்போதும் வரும்போதும் காதில் ஓடுவது வசந்தகாலப் பாட்டுப் போட்டியில் ஊரே கைதட்டிய அந்த ஒரு பாட்டு. கடைசிப் பல்லவியில் சுருதி ஏறும் இடத்தில் இன்னமும் அவனுக்குக் கண் கலங்கும்.

அறிக்கை நவம்பர் பாதி வரைக்கும்தான் கணக்கெடுக்கும் என்று எங்கோ படித்தான். கையில் ஆறு வாரம் இருந்தது. பகல் முழுக்க வீட்டில் ஓடவிட்டால் தட்டு நிரம்பிவிடாதா?

மூன்றாம் நாள் தட்டுக்கு முன்னால் அக்கம்பக்கத்துக் காது நிரம்பியது. கீழ்வீட்டு ரக்னார் குழாய்க்காரரைக் கூட்டி வந்துவிட்டார்.

“சுவத்துக்குள்ள ஏதோ அடைச்சுக்கிட்டு முனகுது, ஹோக்கான். காலைல எட்டு மணிக்கு ஆரம்பிக்குது, அஞ்சு மணிக்கு நிக்குது. வேலை நேரம் தெரிஞ்ச அடைப்பு.”

குழாய்க்காரர் ரக்னாரின் குளியலறைச் சுவரைத் திறந்து பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அதை ஒத்துக்கொள்ளாமல் மேலே ஹோக்கான் வீட்டுச் சுவரையும் திறந்தார். இரண்டு நாள் கட்டடத்துக்கே தண்ணீர் இல்லை. ஹோக்கான் பாட்டுப் பெட்டியைப் பற்றி மூச்சுவிடவில்லை. நிலவறைக்காரனுக்கு மௌனம் பழக்கம்தானே.

சத்தம் இல்லாத இசைதான் சரி என்று ஜப்பானியப் புல்லாங்குழலுக்கு மாறினான். அது ஒரு மூச்சு ஊதிவிட்டு, அடுத்த மூச்சை யோசித்துக்கொண்டிருக்கும். அரை மணிக்கு ஒரு தடவை செயலிக்கே சந்தேகம் வந்தது.

“‘இன்னும் கேட்டுக்கிட்டு இருக்கீங்களா’ன்னு கேக்குது, ஹோக்கான்,” என்று குன்னெல் போன் பண்ணினாள்.

“ஆமான்னு சொல்லு.”

“வாயால சொன்னா அதுக்குக் காது கேக்கல. எழுந்து போய்ப் பொத்தானை அமுக்கணும். இன்னைக்கு ஊன்றுகோலோட பதினாலு தடவை எழுந்திருக்கேன். முட்டி டாக்டர் ரொம்ப சந்தோஷப்படுவார்.”

கடைசியில் நாற்காலியைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஹோக்கான் குற்ற உணர்ச்சியோடு டிராமில் ஏறினான். அதற்கு மருந்தாக வசந்தகாலப் பாட்டை இரண்டு தடவை கேட்டான்; ஐந்து மணிக்கு வீடு திரும்பியதும் தினமும் போலப் பெட்டியிலும் ஒரு தடவை.

புல்லாங்குழல் வேண்டாம், இடைவெளி விடாத இசை வேண்டும். ஜார்ஜியா நாட்டு ஆண்கள் மூன்று பேர் சேர்ந்து பாடும் மலைப் பாட்டு அகப்பட்டது. மூச்சுவிடாமல் பாடினார்கள். ஒரு வாரம் எல்லாம் நன்றாகப் போனது. வெள்ளிக்கிழமை ரக்னார் படிக்கட்டில் அவன் கையைப் பிடித்தார்.

“இதை நான் சொல்லக் கூடாது. ஆனா சொல்லாம இருக்கவும் முடியல. நீங்க அந்தப் பக்கம் போனதும் உங்க வீட்ல ஆம்பளைங்க குரல் கேக்குது.”

“அது வந்து…”

“ஒருத்தர் இல்ல. மூணு பேர்.” ரக்னார் குரலைத் தாழ்த்தினார். “நல்லா சந்தோஷமா இருக்காங்க.”

நூலகத்து ஆள் தான் கேட்காத பாட்டைப் போட்டுச் செயலியை ஏமாற்றுகிறான் என்று பேர் வாங்குவதா, மனைவியைக் காக்கத் தெரியாதவன் என்று பேர் வாங்குவதா? ஹோக்கான் யோசித்தான்.

“தெரியும், ரக்னார்,” என்றான். “சொந்தக்காரங்க.”

திங்கட்கிழமைக்குள் கட்டடம் முழுக்க அவனைப் பரிதாபமாகப் பார்த்தது. இரண்டாம் மாடி அம்மாள் அவனுக்கு மட்டும் ஒரு ஆப்பிள் கேக் கொடுத்தனுப்பினாள்.

குன்னெல் கேக்கை வெட்டிக்கொண்டே சொன்னாள்: “அந்த நடுக்குரல்காரன் இருக்கானே, அவன்தான் மூணு பேர்ல கெட்டிக்காரன். மத்த ரெண்டு பேர் தடுமாறினா இவன் தாங்கிப் பிடிக்கறான்.”

“எந்த நடுக்குரல்காரன்?”

“நீ போட்ட பாட்டுலதான்.”

“ஓ,” என்றான் ஹோக்கான். அவனுக்கு மூன்று பேர் குரலும் ஒன்று மாதிரியே கேட்டது.

டிசம்பர் முதல் வாரம் அறிக்கை வந்தது. ஹோக்கான் நிலவறையில் இரண்டு அலமாரிகளுக்கு நடுவில் நின்று போனைத் திறந்தான். கொட்டை எழுத்தில் வசந்தகாலப் பாட்டு: நானூற்றுப் பன்னிரண்டு தடவை. வேறு எதுவும் பட்டியலில் தலைகாட்டவில்லை. இந்தப் பாட்டின் உலகத் தீவிர ரசிகர்களில் நீங்களும் ஒருவர் என்று வாழ்த்து வேறு.

ஆறு வாரம், ஒரு சுவர், மானம், மரியாதை எல்லாம் போய்க் கடைசியில் மிச்சம் இதுதான். அன்று சாயங்காலம் போனைக் குன்னெலிடம் நீட்டினான்.

“செயலி பொய் சொல்லுது,” என்றான்.

குன்னெல் போனை வாங்கி நிதானமாகப் பார்த்தாள். “நானூத்திப் பன்னெண்டு தடவை கேக்கலையா நீ?”

“கேட்டேன்.”

“அப்புறம் என்ன பொய்? அனுப்பு. உண்மையான தட்டைத்தானே அந்தம்மா கேட்டாங்க.”

அனுப்பினான், பல்லைக் கடித்துக்கொண்டு.

வெள்ளிக்கிழமை காபிக்கு எல்லாரும் மேலே கூடினார்கள். ஈல்வா தொண்டையைச் செருமினாள்.

“ஹோக்கானோட அறிக்கையைப் பார்த்து ரொம்ப நேரம் ரசிச்சோம். நேர்மைன்னா அதுதான்.” யாரோ கைதட்டினார்கள். அவன் பன்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். “ஆனா இடம் வெளியாள் ஒருத்தருக்குப் போகுது. மங்கோலியா, ஜப்பான், ஜார்ஜியா எல்லாம் நூத்துக்கணக்கான மணி நேரம். நடுநடுவுல, தினமும் சாயங்காலம் அஞ்சு மணி அடிச்சதும் நம்ம ஊர் வசந்தகாலப் பாட்டு ஒண்ணு. உலகத்தையே சாப்பிட்டாலும் நம்ம ஊர் உருளைக்கிழங்கை மறக்காத ஆள். கூடவே ஒரு கடிதம். அந்த ஜார்ஜியப் பாட்டுல நடுக்குரல் என்ன பண்ணுதுன்னு ரெண்டு பக்கம் எழுதியிருக்காங்க. நான் அழுதுட்டேன்.”

ஹோக்கான் மெல்ல நிமிர்ந்தான்.

கதவு திறந்தது. குன்னெல் ஒற்றை ஊன்றுகோலோடு உள்ளே வந்து, அவன் பக்கத்து நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

“அந்தப் பெட்டியில செயலி என் பேர்லதான் ஓடுது,” என்று அவன் காதருகே சொன்னாள். “எங்கக்கா எனக்குக் குடுத்த பிறந்தநாள் பரிசு.”

“ஆனா குன்னெல்,” என்றான் ஹோக்கான். “அதெல்லாம் நான் போட்ட பாட்டு.”

குன்னெல் அவன் தட்டிலிருந்த பன்னில் பாதியைப் பிய்த்து எடுத்துக்கொண்டாள்.

“போட்டது நீதான். கேட்டது நான்.”