மோட்டாருக்குக் கீழே ஜமக்காளம்

சிங்காநல்லூர்,
18.10.1999

பெங்களூரில் வசிக்கும் மாப்பிள்ளை மனோஜ்குமார் அவர்களுக்கு, மாமனார் நஞ்சுண்டன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அத்தை தெய்வாத்தாள், கம்ப்யூட்டர் மூவரும் நலம். அங்கே நீங்களும் லோகப்பிரியாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கடந்த வெள்ளிக்கிழமை காலை, ராகுகாலம் தொடங்கப் பதினைந்து நிமிடம் இருக்கையில், நம் கிரைண்டர் கம்பெனி வெப்சைட்டில் உள்ள பெயர்களை ஓடவிடுவது என்று முடிவு செய்தேன். இம்முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதை, அந்த வெப்சைட்டைச் செய்து கொடுத்தவர் என்ற முறையில் நீங்கள் அறிய வேண்டும். ஈமெயிலில் சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளைக்கு எழுதுவது தபாலில் போவதுதான் மரியாதை.

ஆடி நோம்பிக்கு வந்தபோது, "மாமா, நீங்க நாலு பேரோட லிங்க்கைப் போடுங்க, அவங்க உங்க லிங்க்கைப் போடுவாங்க, கூட்டம் தானா வந்துருமுங்க" என்றீர்கள். நம் வெப்சைட் பக்கத்தில் ஒருவர் பெயரைத் தொட்டால் அவர் கடை திறக்கும், அவர் பக்கத்தில் நம் பெயரைத் தொட்டால் நம் கடை திறக்கும் என்றும் விளக்கினீர்கள். கல்யாணப் பத்திரிகையில் நாம் அவர்கள் பெயரைப் போட, அவர்கள் வீட்டுப் பத்திரிகையில் நம் பெயர் வருவது போல என்று எனக்கு உடனே புரிந்தது. மற்றவர்களுக்கும் அப்படியே புரியும் என்பதை நான் யோசிக்கவில்லை. அன்றைக்கே உங்கள் அத்தை ஒரு நிபந்தனை போட்டாள். தீபாவளிக்குள் கம்ப்யூட்டர் வழியாக ஒரு கிரைண்டராவது விற்க வேண்டும். இல்லாவிட்டால் ஒயரை அதிலிருந்து பிடுங்கிப் பழையபடி போனில் செருகிவிடுவாள். வீட்டிலும் கடையிலும் சேர்த்து இருப்பது ஒரே லைன்; ஒயர் கம்ப்யூட்டரில் இருந்தால் போன் வராது.

முதலில் எதிர்க்கடை மோட்டார்க்காரர் சுந்தரராஜுலுவின் பெயரையும், அடுத்து பவானி ஜமக்காள வியாபாரி செங்கோட்டையன் பெயரையும் போட்டேன். அவர்களும் தங்கள் வெப்சைட்டில் என் பெயரைப் போட்டார்கள். நான்காம் நாள் செங்கோட்டையன் மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்து இறங்கினார். "ஏனுங்ணா, மோட்டாருக்குக் கீழ எம்பேரைப் போட்டுப்போட்டீங்களே. ஜமக்காளம்னா கீழதான் கெடக்கோணும்னு நெனச்சுப்போட்டீங்களா?" என்றார். காபி கொடுத்து, அவர் கண்ணெதிரே பெயரை மேலே ஏற்றினேன். சாயங்காலம் சுந்தரராஜுலு வந்தார். "மோட்டாரை ஜமக்காளம் போட்டு மூடிப்போட்டீங்களே. நான் கடையச் சாத்திட்டேன்னு நாலு பேரு நெனைக்க மாட்டாங்களா?" என்றார். பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். இடது உசத்தியா வலது உசத்தியா என்று இரண்டு நாள் போயிற்று. கடைசியில், பெயர் சேர்க்கும் முறையை நீங்கள் எழுதிக்கொடுத்த தாளின் அடியில், எழுத்தை ஓடவிடுவதற்கும் வழி இருப்பதைக் கண்டு, இரண்டு பெயரையும் வட்டமாக ஓடவிட்டேன். ஓடுகிற வரிசையில் முதல் ஆள் கிடையாது. இப்போது இருவரும், தன் பெயர் மட்டும் வேகமாக ஓடுகிறது என்கிறார்கள்.

ஆனால் கூட்டம் விஷயத்தில் நீங்கள் சொன்னது பலித்துவிட்டது. வந்தவர்களை எண்ணிக் காட்டும் பெட்டி ஆவணியில் முப்பத்தொன்றில் நின்றது. இன்று அறுநூற்று நாற்பது. செங்கோட்டையன் ஈரோட்டு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தன் பெயரைப் பார்க்கிறார். சுந்தரராஜுலு சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் பார்க்கிறார். அவர்கள் பக்கத்தில் என் பெயர் வைத்த இடத்தில் இருக்கிறதா என்று நானும் மணிக்கொரு முறை பார்க்கிறேன். ஆக மூன்று கடையிலும் கூட்டம். வருகிறவர்கள் நாங்களே என்பதால் யாரும் எதுவும் வாங்கவில்லை. அதை ஒரு குறையாகச் சொல்லக் கூடாது.

உங்கள் அத்தைக்குத்தான் இது பிடிபடவில்லை. "பொள்ளாச்சியிலிருந்து என்ற தங்கச்சி நாலு நாளாக் கூப்பிடறாளாம், எந்நேரமும் எங்கேஜ்டாவே கெடக்குதாம். உள்ளார உக்காந்து அப்படி என்னத்தைத்தானுங்க பாக்கறீங்க?" என்றாள். சுந்தரராஜுலுவின் கடையைப் பார்க்கிறேன் என்றேன். "அவரு கடை எதுத்தாப்புலதானுங்க இருக்குது. சன்னலைத் தொறந்தாத் தெரியுமுங்க" என்றாள். இன்டர்நெட்டைப் பற்றி அவளுக்கு யாராவது பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும். தீபாவளிக்கு வரும்போது நீங்கள் சொல்லுங்கள்.

இத்துடன் இன்னும் ஏழு பேரின் பட்டியல் வைத்திருக்கிறேன். யாரும் யாரையும் முந்தாதபடி சேர்த்துக் கொடுக்கவும். உங்கள் இருவரையும் ஒரே வரியில் வைத்து வாழ்த்தும்,

நஞ்சுண்டன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு ஹோட்டல்காரர் வந்தார். ஒன்பது நாளாகப் போன் கிடைக்காமல் பஸ் ஏறி வந்தாராம். நான் உள்ளே பெயர்களின் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்ததால், உங்கள் அத்தையே மூன்று கிரைண்டரை ஓட்டிக் காட்டி விற்றுவிட்டாள். லைன் கம்ப்யூட்டரில் இருந்ததால்தான் அவர் நேரில் வர நேர்ந்தது, ஆகவே இதைக் கம்ப்யூட்டர் வழியான விற்பனையாகவே கொள்ள வேண்டும் என்று அவளுக்கு எடுத்துச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "சரிங்க" என்றாள். ஏழு பேர் பட்டியலை உறையிலிருந்து எடுத்துவிட்டேன். பதிலைத் தபாலில் போடவும். ஒயர் இப்போது போனில் இருக்கிறது.