ஸ்வெட்டர் அண்ணன் நட்ட கல்

கொடைக்கானலில் மார்கழியிலும் ஸ்வெட்டர் போடாமல் திரிந்த ஒரே மனிதருக்கு எங்கள் தெரு வைத்த பெயர் 'ஸ்வெட்டர்'. எனக்கு ஸ்வெட்டர் அண்ணன். ஜீப் ஓட்டுபவர். குளிரில் அவர் பல் அடிக்கும் தந்தியே போதும், வளைவுகளில் ஹாரன் தேவையில்லை. பக்கத்து வீட்டில் குடியிருந்த பாவத்துக்கு அந்த ஜீப்பில் நானும் போயிருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு கேசட் அட்டை. டேப்ரிக்கார்டர் இருந்த வீட்டில் எல்லாம் அந்தப் பாட்டுக் கேசட்டும் இருந்தது. அட்டையில் பாடகர் ஒரு பாறைமேல் உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரை அங்கே கூட்டிப்போனது அண்ணனின் ஜீப்தான். பாடகர் நடுங்குவதைப் பார்த்து அண்ணன் தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். பாடகர் அதைப் போட்டபடியே போட்டோவுக்கு உட்கார்ந்தார். போட்டபடியே மலையிறங்கியும் போய்விட்டார்.

அது அண்ணன் மனைவி ஸ்டெல்லா அக்கா, கல்யாணமான புதிதில் பின்னிய முதல் ஸ்வெட்டர். அதில் ஒரு கை மட்டும் நீளம். அட்டையிலும் அது தெளிவாகத் தெரியும்.

"தபேலா வாசிச்சவன் பேருகூடப் போட்டிருக்கான். பின்னுனவ பேரு எங்க? அந்தப் பாறையில அவ பேரு நிக்கிற வரைக்கும் வேற ஸ்வெட்டர் இந்த ஒடம்புல ஏறாது" என்றார் அண்ணன்.

"ஒரு கை நீளமாப் பின்னுனதை ஊருக்கே போர்டு போட்டுச் சொல்லணுமாக்கும். போய்ச் சோலியப் பாருங்க" என்றார் அக்கா.

அண்ணன் தகர போர்டு வைத்தார். காற்று அதைப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோனது. மர போர்டு வைத்தார். யாரோ டூரிஸ்ட்டுகள் அதை எரித்துக் குளிர் காய்ந்துவிட்டார்கள். "கல்லை எரிக்க முடியாதுல்ல?" என்று அடுத்ததாகக் கல் செதுக்குபவரிடம் போனார்.

அந்தச் சிற்பி வாழ்நாளெல்லாம் செதுக்கியது கல்லறைக் கற்கள் மட்டுமே. அண்ணன் சொன்ன வாசகத்தில் ஒரு சொல்லையும் அவர் விடவில்லை. ஆனால் கை பழகிய வேலையைத்தானே செய்யும்? மேலே சிலுவை, நடுவில் கொட்டை எழுத்தில் 'ஸ்டெல்லா'. பாறை, கேசட், ஸ்வெட்டர் சமாச்சாரமெல்லாம் அடியில் எறும்பு சைஸில்.

பாறையருகே ரோட்டோரமாகக் கல்லை நட்டதும் அக்கா வந்து பார்த்தார். "ஏங்க, என்னய உசுரோட பொதச்சிட்டீங்களே."

"பேரு நல்லாத் தெரியுதுல்ல?" என்றார் அண்ணன்.

அன்று முதல் வருகிறவர்கள் செருப்பைக் கழற்றி, மெழுகுவத்தி ஏற்ற ஆரம்பித்தார்கள். பக்கத்திலேயே கம்பளித் தொப்பி விற்பவர் ஸ்டெல்லா அக்கா. "பாவம், என்ன வயசோ" என்று ஒரு அம்மாள் உச்சுக் கொட்டினாராம். "அப்படி ஒண்ணும் ஆயிரலைங்க. தொப்பி வேணுமா?" என்றாராம் அக்கா.

பிறகு ரோட்டை அகலப்படுத்த ஆட்கள் வந்தார்கள். வழியில் இருந்த போர்டுகளையெல்லாம் பிடுங்கிக்கொண்டே வந்து, கல்லருகே வந்ததும் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார்கள். மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்தார்.

"யாரும்மா இவங்க? ஒங்களுக்குச் சொந்தமா?" என்று மேஸ்திரி அக்காவைக் கேட்டார்.

அக்கா ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தால் கல் அன்றே லாரியில் ஏறியிருக்கும். அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஆமாங்க. ரொம்ப நெருங்குன சொந்தம்."

ரோடு அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் ஒதுங்கிப் போகிறது. இன்றும் பார்க்கலாம்.

மறுநாளே அக்கா நூலும் ஊசியுமாக உட்கார்ந்துவிட்டார். தேர்ந்த கை அல்லவா, இந்த முறை இரண்டு கையும் அளவாக வந்தன. அண்ணன் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றிக் கொடுத்தார். "ஒரு கையைக் கொஞ்சம் நீட்டிக் குடு. இது என்னுது மாதிரியே இல்ல."

போன மாதம் கொடைக்கானல் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் பனி மூடி, ஆள் முகமே தெரியவில்லை. நீளமான கை ஒன்று மட்டும் என்னைப் பார்த்து ஆடியது. வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன் என்று தோன்றியது.