வயிற்றில் கால் முளைத்த நாமம்

சின்ன காஞ்சீபுரம்,
பவ வருஷம், ஆனி மாதம்

மயிலாப்பூரில் எழுந்தருளியிருக்கும் அத்திம்பேர் ஹயக்ரீவன் ஸ்வாமி சந்நிதானத்துக்கு மைத்துனன் சக்ரவர்த்தி தண்டம் சமர்ப்பித்து எழுதிக்கொண்டது.

இங்கே அடியேன், ரமாமணி, பாச்சா மூவரும் பெருமாள் கிருபையில் சௌக்கியம். என் தோல் மட்டும் சௌக்கியமாக இல்லை. அக்கா தேக ஆரோக்கியத்துடன் இருப்பாள் என்று நம்புகிறேன்.

தையில் வந்திருந்தபோது என் தொந்தியைப் பார்த்து, இதைக் குறை என்றீர்கள். மெதுவாக இளைக்க வேண்டும், கூடவே தண்டால் எடுக்க வேண்டும், எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தோல் தொங்கிவிடும் என்றும் சொன்னீர்கள். பாதிப் பாடத்தில் எழுந்து ஓடுகிற பையன்களை ஆயுசு முழுக்கத் திட்டிய சமஸ்கிருத வாத்தியார் நான். நானும் பாதிதான் கேட்டேன். தண்டால் எடுக்கச் சோம்பல், பட்டினிக்கு அந்தச் சிரமம் இல்லை. கோயில் இட்லியைக் கண்ணால் சேவித்ததோடு சரி, ததியோதனத்தை முகர்ந்து பார்த்துவிட்டு அடுத்தவர் கையில் கொடுத்தேன், வைகாசி கருட சேவைக்குள் ஆள் பாதியாகிவிட்டேன். ஆனால் குடியிருந்தவன் காலி செய்துகொண்டு போன வீடு மாதிரி, வயிறு போய்விட்டது, அதன் உறை மட்டும் அங்கேயே நிற்கிறது. உட்கார்ந்தால் மடியில் ஒரு குழந்தை வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அழகு கெட்டது பற்றி எனக்குக் கவலை இல்லை, இருந்தால்தானே கெடுவதற்கு. தொல்லை நாமத்தில் வந்தது. தினம் பன்னிரண்டு நாமம் இடுகிறோமே, அதில் நாபியில் இடுகிறது நின்றால் சுத்த வடகலை. உட்கார்ந்தால் மடிப்பு விழுகிறது, திருமண் அதற்குள் இறங்கி, கீழே ஒரு விரல்கடை நீளத்துக்குத் தெளிவாக ஒரு பாதம் எழுந்துவிடுகிறது. பாதம் வைத்தால் தென்கலை. அந்த ஒரு விரல்கடை மண்ணுக்காக நம் ஊரில் நடந்த சண்டைகளெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஒருநாள் கோயில் கோஷ்டியில் உட்கார்ந்து பிரபந்தம் சேவித்துக்கொண்டிருந்தபோது பக்கத்திலிருந்த வேணுகோபாலன் குனிந்து என் வயிற்றைப் பார்த்தார்.

"என்ன ஓய், உம்ம நாமத்துக்கு எப்போ கால் முளைச்சது?"

"அது தோல், ஸ்வாமி."

"தோலா? பாட்டனார் காலத்திலேருந்து இல்லாத தோல் இப்போ எங்கேருந்து வந்தது?"

அந்தச் சமயம் பார்த்துத்தான், திருப்புட்குழியிலிருந்து தேசிகாச்சாரியார் வருகிறார் என்று தகவல் வந்தது. அவர் பெண் சூடாமணியைத்தான் பாச்சாவுக்குப் பேசியிருக்கிறோம். ஜாதகம் பொருந்திவிட்டது, பாச்சாவும் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து தானாகவே சிரித்துக்கொண்டிருக்கிறான். தேசிகாச்சாரியார் ஆசாரத்தில் நெருப்பு. தென்கலை வீட்டுக் கிணற்றுப் பக்கம் நிழல் விழாமல் சுற்றிப் போகிறவர் என்று கேள்வி. நம் வீட்டில் சாப்பிட்டு, சம்பந்தத்தை உறுதி செய்துகொண்டு போவதாக ஏற்பாடு.

உத்தரீயத்தைப் போர்த்திக்கொண்டு உட்காரலாம் என்றேன். "ஏன்னா, இந்த வேகாத வெயில்லே போர்த்திண்டு உக்காந்தா, மேலுக்கு ஏதோ வியாதின்னு நினைச்சுக்க மாட்டாளா?" என்றாள் ரமாமணி. எண்ணெய் தேய்த்தேன், கடலைமாவு பூசினேன், மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தேன். மூச்சு வெளியே வந்ததும் தோலும் கூடவே வந்தது. கவலையோடு தெருவில் நின்றேன். எதிர் வீட்டுப் பரமசிவம் முதலியார் தறிக்குப் போகிற பாவு நூலை வீதியில் நீளமாகக் கட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார். மனம் கேட்காமல் சொன்னேன்.

"அட, இதுக்கா சாமி மூஞ்சைத் தூக்கி வச்சிக்கினு நிக்கிறீங்க? தொய்ஞ்ச நூலே கஞ்சி போட்டா வெறைச்சுக்கினு நிக்குது, தோல் நிக்காதா?" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் கவனித்திருக்க வேண்டும். ரமாமணி எடுத்து வைத்திருந்த சோற்றுக் கஞ்சியில் பாதி என் வயிற்றுக்குப் போயிற்று, வெளிப்பக்கமாக.

காய்ந்ததும் என்ன சொல்வேன், மத்தளம்! அதன்மேல் நாமத்தை இட்டு, வாசலில் நின்று தேசிகாச்சாரியாரை வரவேற்றேன். அவரும் பெரிய சரீரம், வண்டியை விட்டு இறங்கவே நேரமாயிற்று. இறங்கியதும் அவர் பார்வை நேராக என் வயிற்றில் விழுந்தது. இலை போட்டார்கள். உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். கஞ்சி பாளம் பாளமாக வெடித்தது, நாமத்தில் பாதி பருப்பில் விழுந்தது, மிச்சப் பாதி மடிப்பில் இறங்கிப் பாதமாக நின்றது. அவர் கண் என் வயிற்றை விட்டு அகலவில்லை. பாயசம் வந்ததும் இலையைக் கையால் மூடி "வேண்டாம்" என்றார். புறப்படும்போது "போய் எழுதறேன்" என்றார். அப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்கள் யார் எழுதியிருக்கிறார்கள்?

பாச்சா என்னோடு பேசுவதில்லை. ஒரே ஒரு தடவை மட்டும், "அப்பா, நீங்க குண்டாவே இருந்திருக்கலாம்" என்றான். அத்திம்பேர், நீங்கள் அடுத்த ரயிலிலேயே புறப்பட்டு வந்து, நேரே திருப்புட்குழி போய், நம் வம்சம் கலப்பில்லாத வடகலை, மைத்துனனின் தோல்தான் கட்சி மாறிவிட்டது என்று தேசிகாச்சாரியாரிடம் சொல்லவேண்டும். உங்களுக்குப் பட்டிமன்றக் குரல், என் பையனுக்கு அதுதான் இப்போது கதி.

அக்காவுக்கு எங்கள் நமஸ்காரம். உங்கள் குழந்தைகள் பல்லாண்டு தின்று கொழுத்து வாழப் பெருமாளைப் பிரார்த்திக்கும்,

அடியேன்,
சக்ரவர்த்தி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் சமயம் தேசிகாச்சாரியாரே வந்து நின்றார். ரமாமணியை உள்ளே அனுப்பிவிட்டு என் காதருகில் குனிந்தார். "தேவரீர் தப்பா நினைக்கப்படாது. போன தடவை முச்சூடும் உம்ம வயத்தையேதான் பார்த்துண்டிருந்தேன். எப்படி ஓய் இளைச்சேள்? எனக்குப் பந்தியிலேருந்து எழுந்திருக்க ரெண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருக்கு. உம்மைப் பார்த்துத்தான் அன்னிக்கே பாயசத்தை விட்டேன்!" எழுதுகிறேன் என்றது முகூர்த்தத்துக்கு நாள் பார்த்துத்தானாம். நாமத்தை அவர் பார்க்கவே இல்லை. ஆவணியில் கல்யாணம், பாச்சா மறுபடியும் தானாகச் சிரிக்கிறான். நீங்கள் திருப்புட்குழிக்குப் போக வேண்டாம். இளைக்கச் சொன்னது நீங்கள் என்று சொல்லி, பட்டினியை மட்டும் அவருக்குச் சொல்லிவைத்தேன். தண்டால், எண்ணெய் பற்றி அவர் கடிதம் எழுதிக் கேட்டாலும் கல்யாணம் முடிகிறவரை தயவுசெய்து வாய் திறவாதீர்கள். அவர் தோலும் தொங்கிவிட்டால் சம்பந்திகள் இருவரும் ஒரே கலை.